எண்ணின் ஒரு பகுதி போதும்: கணினிக் கணக்கில் இன்டெக்ஸ் போடும் முறை



பேரேட்டில் கணக்கு எழுதிய நாட்களில் அதன் முன்பக்கங்களில் ஓர் அகரவரிசை இருக்கும். பக்கத்தின் ஓரம் படிப்படியாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்து இருக்கும். கந்தசாமியின் கணக்கு வேண்டுமென்றால் 'க' பக்கத்தைத் திறப்போம். அங்கே இருக்கும் பத்துப் பதினைந்து பெயர்களுக்குள் தேடி, பேரேட்டில் எத்தனையாவது பக்கம் என்று பார்த்துக்கொள்வோம். முழுப் பேரேட்டையும் யாரும் புரட்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணக்குப்பிள்ளை பெயர் முழுவதையும் கொண்டு வரிசைப்படுத்தவில்லை. பெயரின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு பகுதியே தேடுவதற்குப் போதுமானதாக இருந்தது. இன்று கணினியில் கணக்கு வைக்கும் நாம் இதே முறையை இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம். பெரும்பாலான கடைகளில் இதைப் பயன்படுத்துவதில்லை. அதனால் நேரம் மட்டுமல்ல, பணமும் போகிறது. எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

இன்டெக்ஸ் என்பது என்ன?

ஒரு வாடிக்கையாளரைப் பற்றிய முழு விவரத்தையும் கணினியில் ஒரு ரெக்கார்டு என்கிறோம். அதற்குள் பெயர், ஊர், செல் நம்பர், ஜி.எஸ்.டி. எண் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு ஃபீல்டு. ரெக்கார்டுகள் நாம் பதிந்த வரிசையில் கிடக்கும். இன்டெக்ஸ் என்பது அவற்றுக்குத் தனியே வைத்துக்கொள்ளும் ஒரு வரிசைப்பட்டியல். அதில் தேடும் சொல்லும், ரெக்கார்டு இருக்கும் இடமும் மட்டுமே இருக்கும்.

10,000 ரெக்கார்டுகளில் ஒன்றை இன்டெக்ஸ் இல்லாமல் தேடினால் கணினி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். வரிசைப்பட்டியல் இருந்தால் நடுவில் திறந்து, முன்பாதியா பின்பாதியா என்று பார்த்து, மறுபடி அதில் பாதி என்று போகலாம். 14 முறை பார்த்தால் ஆள் கிடைத்துவிடுவார். சில ஆயிரம் கணக்குகளுக்கு இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. சில ஆண்டுகளின் பில் வரிகள் சேர்ந்து லட்சக்கணக்கில் ஆகும்போது, வாடிக்கையாளரை நிறுத்தி வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து நிற்கும் நிலை வரும்.

ஃபீல்டு முழுவதற்கும் இன்டெக்ஸ் போடலாம். ஃபீல்டின் ஒரு பகுதிக்கு மட்டும் போடலாம். 'இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனை எழுத்து' என்று சொல்லி இன்டெக்ஸ் போடும் வசதி 1980-களின் டிபேஸிலும் அதன் பிறகு வந்த பாக்ஸ்புரோவிலும் இருந்தது. இன்றைய மைசீக்வல், போஸ்ட்கிரெஸ், சீக்வலைட் ஆகியவற்றிலும் இருக்கிறது. வசதி நமக்குப் புதிதல்ல. எந்தப் பகுதியை எடுப்பது என்பதைத்தான் நாம் தீர்மானிக்க வேண்டும். அதை புரோகிராம் எழுதித் தருபவர் தீர்மானிக்க முடியாது. வியாபாரம் அவருக்குத் தெரியாது; நமக்குத்தான் தெரியும்.

முதல் எழுத்து எப்போதும் போதாது

கடைப் பெயர்களை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ், ஸ்ரீ மாரியம்மன் டிரேடர்ஸ், ஸ்ரீ வேல் மளிகை என்று நம் பட்டியலில் 'ஸ்ரீ' என்று தொடங்கும் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். 'நியூ' என்று தொடங்குபவை வேறு. முதல் எழுத்துக்கு இன்டெக்ஸ் போட்டால் இவை அத்தனையும் ஒரே பக்கத்தில் குவியும். பாதிப் பெயர்கள் ஒரே இடத்தில் குவிந்தால் அது வரிசைப்படுத்தியதாகவே ஆகாது.

பழைய கணக்குப்பிள்ளைகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். 'ஸ்ரீ'யை விட்டுவிட்டு, ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸை 'ம' பக்கத்தில் எழுதினார்கள். கணினியிலும் அப்படியே செய்யலாம். பில்லில் அச்சிட வேண்டிய முழுப் பெயர் ஒரு ஃபீல்டில் இருக்கட்டும். 'ஸ்ரீ', 'நியூ', இனிஷியல் ஆகியவற்றை நீக்கிய தேடுபெயர் இன்னொரு ஃபீல்டில் இருக்கட்டும். இரண்டாவது ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் போடுங்கள்.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. எந்தப் பகுதி ஆளுக்கு ஆள் மாறுகிறதோ அந்தப் பகுதியையே எடுக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. எண்ணுக்குள் இருக்கும் பான் எண்

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது முதல், பதிவு பெற்ற ஒவ்வொரு வணிகருக்கும் 15 எழுத்துள்ள ஓர் எண் இருக்கிறது. பில்லில் அதை அச்சிடுகிறோம், ரிட்டர்னில் காட்டுகிறோம். அத்துடன் மறந்துவிடுகிறோம். அதைப் பிரித்துப் பார்த்தால் பல செய்திகள் கிடைக்கும்.

முதல் 2 இடங்கள்: மாநில எண். தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கேரளம் 32, கர்நாடகம் 29.
3 முதல் 12 வரை: உரிமையாளரின் பான் எண், 10 எழுத்துகள்.
13-ஆவது இடம்: அதே மாநிலத்தில் அதே பானுக்கு எத்தனையாவது பதிவு என்பது.
14-ஆவது இடம்: வழக்கமாக இசட் என்ற எழுத்து.
15-ஆவது இடம்: சரிபார்ப்பு எழுத்து.

இப்போது கடன் விஷயத்துக்கு வருவோம். ஒரு கணக்குக்கு 50,000 ரூபாய் வரை கடன் என்று வரம்பு வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஒரு வணிகருக்கு விழுப்புரத்தில் ஒரு கடையும் புதுச்சேரியில் ஒரு கடையும் இருக்கின்றன. இரண்டுக்கும் வெவ்வேறு பெயர். சரக்கு எடுப்பது வெவ்வேறு ஆட்கள். நம் தரப்பில் ஆர்டர் எடுப்பவரும் வேறு வேறு. ஒன்றில் 48,000 பாக்கி, மற்றதில் 47,000 பாக்கி. கணினி இரண்டையும் 'வரம்புக்குள்' என்று காட்டும். ஆனால் ஓர் ஆளிடம் நிற்கும் நம் பணம் 95,000 ரூபாய். அவருக்குக் கை இறுகினால் இரண்டு கணக்கும் ஒரே நாளில் நின்றுபோகும்.

கடைப் பெயரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஊரை வைத்தும் முடியாது. முழு ஜி.எஸ்.டி. எண்ணை வைத்தும் முடியாது. ஏனெனில் ஒன்று 33 என்று தொடங்கும், மற்றது 34 என்று தொடங்கும். முழு எண்ணை வரிசைப்படுத்தினால் இரண்டும் பட்டியலின் வெவ்வேறு மூலைகளில் போய் நிற்கும். 3-ஆவது எழுத்திலிருந்து 10 எழுத்துகளை மட்டும் எடுத்து வரிசைப்படுத்தினால் இரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்கும். அந்தப் பத்து எழுத்துகளுக்கு இன்டெக்ஸ் போட்டுவிட்டால், பில் போடும் நேரத்திலேயே 'இந்த பானில் மொத்தப் பாக்கி இவ்வளவு' என்று திரையில் காட்டச் சொல்லலாம்.

தனியாக புரோகிராம் இல்லாதவர்கள் எக்செலிலேயே இதைச் செய்யலாம். டேலி போன்ற மென்பொருளிலிருந்து வாடிக்கையாளர் பட்டியலை ஜி.எஸ்.டி. எண்ணுடனும் பாக்கியுடனும் எக்செலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு புதிய பத்தியில் 'மிட்' என்ற சூத்திரத்தைப் போடுங்கள். அதற்கு எந்தக் கட்டம், எந்த இடத்திலிருந்து, எத்தனை எழுத்து என்று மூன்று விவரம் கொடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண் உள்ள கட்டம், 3, 10 என்று கொடுத்தால் பான் எண் தனியே வந்து நிற்கும். அந்தப் பத்தியை வரிசைப்படுத்துங்கள். 'சம்இஃப்' என்ற சூத்திரம் ஒவ்வொரு பானுக்கும் மொத்தப் பாக்கியைக் கூட்டித் தரும்.

பானின் நான்காவது எழுத்தும் நமக்கு உதவும். அங்கே 'பி' இருந்தால் தனி நபர், 'எஃப்' இருந்தால் கூட்டு நிறுவனம், 'சி' இருந்தால் கம்பெனி, 'எச்' இருந்தால் இந்துக் கூட்டுக் குடும்பம். ஜி.எஸ்.டி. எண்ணில் இது 6-ஆவது இடமாக வரும். தனி உரிமையாளர் கடை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கணக்கில் 'எஃப்' இருந்தால், கூட்டாளிகள் யார் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். அண்ணன் பெயரில் ஒரு கடை, தம்பி பெயரில் ஒரு கடை என்றால் பான் வேறு வேறாக இருக்கும், இன்டெக்ஸ் காட்டாது. பதிவு இல்லாத சிறு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. எண்ணே இருக்காது. அங்கே பழைய முறைப்படி ஆளறிந்து, ஊரறிந்துதான் கடன் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு கணக்கு ஒரே பானில் வந்துவிட்டது என்பதற்காக வாடிக்கையாளரைச் சந்தேகிக்க வேண்டாம். இரண்டாவது கடை திறப்பது அவருடைய வளர்ச்சி. அவரிடம் பேசி, இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரம்பு வைத்துக்கொண்டால் இருவருக்கும் மனக்கசப்பு வராது.

பின்கோடை வைத்து மாநிலத்தை முடிவு செய்யாதீர்கள்

1972 ஆகஸ்ட் 15-இல் அறிமுகமான பின்கோடு 6 எண்களைக் கொண்டது. முதல் மூன்று எண்கள் தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும். வண்டி அனுப்புவதற்கும், லைன் பிரிப்பதற்கும் இந்த மூன்று எண்களுக்கு இன்டெக்ஸ் போடுவது மிக வசதி. ஒரே பக்கத்துக் கடைகளின் பில்கள் எல்லாம் சேர்ந்து வந்துவிடும்.

ஆனால் ஒரு வேலைக்குப் பொருந்தும் பகுதி வேறு வேலைக்குப் பொருந்தாது. புதுச்சேரி நகரம் 605001. விழுப்புரம் 605602. இரண்டும் 605-தான். ஒன்று தனி யூனியன் பிரதேசம், மற்றது தமிழ்நாடு. புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயின் பின்கோடு 673310. அது கேரள வரிசையில் வருகிறது. ஏனாமின் பின்கோடு 533464. அது ஆந்திர வரிசையில் வருகிறது. தபால் போகும் வழியைப் பார்த்துப் பிரித்ததால் இப்படி அமைந்தது.

பின்கோடின் முதல் மூன்று எண்களைப் பார்த்து மாநிலத்தை முடிவு செய்யும்படி புரோகிராம் இருந்தால், புதுச்சேரிக்குப் போகும் சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டிய இடத்தில் மத்திய, மாநில ஜி.எஸ்.டி. என்று பிரித்துப் போட்டுவிடும். பிறகு சரியான வகையில் மறுபடி கட்டிவிட்டு, தவறான வகையில் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். சரக்கு எந்த மாநிலத்தில் போய்ச் சேருகிறது என்பதைத் தனி ஃபீல்டாகப் பதிந்து, அதனுடன் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் 2 இடங்களை ஒத்துப் பார்ப்பதே சரி. இரண்டும் வேறுபட்டால் பில்லை நிறுத்தி ஆடிட்டரிடம் கேளுங்கள்.

எச்.எஸ்.என். எண்ணும் தொலைந்துபோகும் பூஜ்யமும்

சரக்குகளுக்கு நாம் எழுதும் எச்.எஸ்.என். எண் உலகச் சுங்க அமைப்பு உருவாக்கிய முறை. 1988-இல் நடைமுறைக்கு வந்தது. முதல் 6 எண்கள் அந்த முறையில் சேர்ந்த எல்லா நாடுகளுக்கும் பொது. இந்தியாவில் 8 எண்கள் வரை உண்டு. இடமிருந்து வலமாகப் போகப் போகச் சரக்கு நுணுக்கமாகும்.

முதல் 2 எண்கள் அத்தியாயம். 07 என்றால் காய்கறி, கிழங்கு, பயறு வகைகள். 09 என்றால் காபி, டீ, மசாலாச் சரக்கு. 4 எண்கள் எடுத்தால் 0713 உலர்ந்த பயறு, பருப்பு வகைகள். 0904 மிளகு, மிளகாய். 0909 மல்லி, சீரகம், சோம்பு. 6 எண்கள் எடுத்தால் 071320 கொண்டைக்கடலை, 071360 துவரை.

எத்தனை எண் எடுப்பது என்பது நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. பருப்பு மொத்தமாக எவ்வளவு விற்றது என்று பார்க்க 4 எண்கள் போதும். துவரை மட்டும் வேண்டுமென்றால் 6 வேண்டும். ஆனால் உளுந்தையும் பாசிப்பயறையும் பிரிக்க 6 எண்களும் போதாது. இரண்டும் 071331-க்குள்தான் அடங்குகின்றன. அங்கே நம் கடையின் சொந்தச் சரக்குக் குறியீடு இருந்தால் இருப்பைத் தனித்தனியே பார்க்கலாம்.

இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. 0713 என்பதை எண் வகை ஃபீல்டில் பதிந்தால் கணினி முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தூக்கிவிடும். 713 என்று வைத்துக்கொள்ளும். பிறகு முதல் 2 இடங்களை எடுத்தால் 71 வரும். 71-ஆம் அத்தியாயம் தங்கம், வெள்ளி, ரத்தினக் கற்களுக்கானது. நம் துவரம் பருப்பு நகைக்கடைக்குப் போய்விடும்! 0904 என்ற மிளகு 904 ஆகி, முதல் 2 இடங்கள் 90 ஆகும். அது மருத்துவக் கருவிகளும் கண்ணாடிக் கருவிகளும் இருக்கும் அத்தியாயம். எக்செலில் இது அடிக்கடி நடக்கும். எச்.எஸ்.என்., பின்கோடு, செல் நம்பர் என்று எதையெல்லாம் கூட்டிக் கழிக்க மாட்டோமோ அதையெல்லாம் எண்ணாகப் பதியாமல் எழுத்தாகவே பதிய வேண்டும். எக்செலில் பதிவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள்.

பில் எண்ணிலும் இதே கவனம் வேண்டும். ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு நிதியாண்டுக்குள் திரும்பவும் வரக் கூடாது. அதை எழுத்தாகப் பதியும்போது 1, 10, 100, 2 என்றுதான் வரிசைப்படும். 0001, 0002, 0010 என்று பூஜ்யம் சேர்த்து ஒரே நீளமாக எழுதினால் வரிசை ஒழுங்காக வரும்.

கடைசி நான்கு எண்ணைக் கொண்டு தேடுவது

பேரேட்டின் அகரவரிசையில் 'ராஜ்' என்று முடியும் பெயர்களைத் தேடச் சொன்னால் முடியுமா? முடியாது. முழுவதையும் படித்தே தீர வேண்டும். கணினிக்கும் இதே நிலைதான். முழு ஃபீல்டுக்குப் போட்ட இன்டெக்ஸ், முன்பகுதி தெரிந்தால் உதவும். நடுப்பகுதியோ கடைசிப் பகுதியோ மட்டும் தெரிந்தால் உதவாது.

நாம் வாழ்க்கையில் கேட்பதோ கடைசிப் பகுதியைத்தான். செல் நம்பரைக் கடைசி நான்கு எண்ணால் சொல்கிறோம். லாரியையும் அப்படியே. ஆகவே அந்த நான்கு எண்களைத் தனியே எடுத்து இன்டெக்ஸ் போட வேண்டும். எக்செலில் 'ரைட்' என்ற சூத்திரம் வலப்பக்கத்திலிருந்து எடுத்துத் தரும்.

நான்கு இடங்களில் 10,000 எண்கள்தான் அமையும். 2,000 வாடிக்கையாளர் இருந்தால் பலருக்குக் கடைசி நான்கு ஒன்றாகவே இருக்கும். ஆகவே இது ஆளைத் தேடுவதற்குத்தான். ஆள் இவர்தான் என்று முடிவு செய்வதற்கு ஆகாது. நான்கைந்து பெயர் வந்தால் ஊரைக் கேட்டு உறுதி செய்த பிறகே பில் போட வேண்டும். இன்டெக்ஸ் போடும்போது 'ஒன்றுக்கு மேல் வரக் கூடாது' என்ற நிபந்தனையைப் பகுதிகளுக்கு வைக்கக் கூடாது என்று புரோகிராமரிடம் சொல்லிவிடுங்கள். பான் பகுதிக்கு அந்த நிபந்தனை வைத்தால், ஒருவருடைய இரண்டாவது கடையைப் பதியவே முடியாமல் போகும்.

தமிழில் பதிபவர்களுக்கு

தமிழ்ப் பெயர்களில் 'முதல் மூன்று எழுத்து' என்று சொன்னால் நாம் எண்ணுவது வேறு, கணினி எண்ணுவது வேறு. 'முருகன்' நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு மகரம், உகரக்குறி, ரகரம், உகரக்குறி, ககரம், னகரம், புள்ளி என்று ஏழு. முதல் மூன்றை எடுத்தால் 'முர' என்று அரைகுறையாக நிற்கும். ஆகவே தமிழில் தேடுபெயர் இன்டெக்ஸுக்குச் சற்றுக் கூடுதல் நீளம் கொடுக்க வேண்டும்.

'ஸ்ரீ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். இரண்டு விதத்துக்கும் கணினிக்குள் இருக்கும் எழுத்துகள் வேறு. பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒரு விசைப்பலகையில் அடித்த 'ஸ்ரீ'யை மற்றொன்றில் அடித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். தேடுபெயரில் 'ஸ்ரீ'யை விட்டுவிடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றுக்கும் இன்டெக்ஸ் போடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு முறை பதியும்போதும் கணினி எல்லா இன்டெக்ஸையும் திருத்தி எழுத வேண்டும். பத்து இன்டெக்ஸ் இருந்தால் பத்து அகரவரிசையில் எழுதுவது போல வேலை கூடும். தினம் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் போடுங்கள். ஒரு பகுதியைத் தினம் தினம் தேடுகிறோம் என்றால் அதைத் தனி ஃபீல்டாகவே பிரித்து வைப்பது இன்னும் நல்லது.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

1. வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, ஜி.எஸ்.டி. எண் சரியாக 15 எழுத்து இருக்கிறதா, முன்னும் பின்னும் வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். 3 முதல் 7 வரை எழுத்து, 8 முதல் 11 வரை எண், 12-இல் எழுத்து இருக்க வேண்டும். பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்து விழுந்திருந்தால் இதில் அகப்பட்டுவிடும்.

2. பான் பகுதியைப் பிரித்து வரிசைப்படுத்தி, ஒரே பானில் எத்தனை கணக்கு, மொத்தப் பாக்கி எவ்வளவு என்று எழுதி வையுங்கள். கடன் வரம்பைக் கணக்குக்கு வைக்காமல் பானுக்கு வையுங்கள்.

3. எச்.எஸ்.என். பத்தியில் மூன்று, ஐந்து, ஏழு இலக்கத்தில் இருப்பவற்றைத் தேடுங்கள். அவை பெரும்பாலும் பூஜ்யத்தை இழந்தவையே. திருத்துங்கள்.

4. செல் நம்பரின் கடைசி நான்கு எண்ணுக்கும், தேடுபெயருக்கும் இன்டெக்ஸ் போடச் சொல்லுங்கள்.

5. பின்கோடின் முதல் மூன்று எண்ணை வண்டி லைனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் சுத்தமாக இருந்தால் இவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். இரண்டாவது வேலையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.